தீச்சுவரை அணைக்காமல் பிழை கண்டறிதல்: அறிகுறிவாரியான வழிமுறை

பினாங்கில் சிறு அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கு யாரோ ஒருவர் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருப்பார்: ஃபயர்வாலை, அதாவது தீச்சுவரை, அணைத்திருப்பார். அணைத்ததும் நின்றுபோன வேலை நடந்துவிட்டால், குற்றவாளி அகப்பட்டான் என்று அப்படியே விட்டிருப்பார். நடக்காவிட்டால், மறுபடி இயக்க மறந்திருப்பார். இரண்டிலும் நமக்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. தடுத்தது தீச்சுவர்தான் என்று தெரிந்தாலும், எந்த விதி, எந்தத் திசையில், எந்தப் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசலில்), யாருடைய வேண்டுகோளைத் தடுத்தது என்பது தெரியாது. இவற்றில் பெரும்பகுதி, தீச்சுவர் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் லாக் பதிவேட்டிலேயே எழுதச் செய்யலாம். ஆகவே கீழே உள்ளவை அனைத்தும் தீச்சுவர் இயங்கும் நிலையிலேயே பிழையைத் தேடும் முறைகள்.

தீச்சுவர் என்ற பெயர் கட்டடத்திலிருந்து வந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீட்டு வரிசைகளில் இரு வீடுகளுக்கும் பொதுவாக நிற்கும் கனத்த செங்கற்சுவரைப் பார்த்தவர்களுக்கு அதன் நோக்கம் விளங்கும்: ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது. கணினித் தீச்சுவரில் வாசல்களும் உண்டு, வாசலில் காவலாளியும் உண்டு. வலையமைப்பில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகவே பயணிக்கிறது; வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண் ஆகியவற்றைப் பார்த்து, தம் கையிலுள்ள விதிப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியின்படி அவர் நடந்துகொள்வார்; எதுவுமே பொருந்தாவிட்டால் தடுத்துவிடுவார். அதோடு அவரிடம் ஒரு நினைவேடும் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே போன வேண்டுகோள்களை அதில் குறித்துவைத்து, அவற்றுக்கு வரும் பதில்களை மட்டும் மறுகேள்வியின்றி உள்ளே விடுவார். பின்னால் வரும் அறிகுறிகளில் பல, விதிப்பட்டியலிலோ இந்த நினைவேட்டிலோதான் வேர் கொண்டிருக்கின்றன.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓர் அலுவலகத்தில் தீச்சுவர் ஒன்றே ஒன்று இருப்பதில்லை. இணையம் நுழையும் ரௌட்டரில் ஒன்றும், ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒன்றும் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்னும் திருத்தத் தொகுப்பு தொடங்கி, விண்டோஸின் சொந்தத் தீச்சுவர் யாரும் கேட்காமலே இயங்கும் நிலையில் வருகிறது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்னும் புழு நிரல் போர்ட் 135 வழியாகக் கணினிக்குக் கணினி தாவிய பிறகு அப்படிச் செய்வதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. எந்தச் சுவர் தடுக்கிறது என்பதை முடிவுசெய்யாமல் ரௌட்டரின் அமைப்புகளைக் குடைவது, பல்வலிக்குக் கண்ணைக் காட்டி மருத்துவம் பார்ப்பது போன்றது.

முதற்சோதனை: மறுப்பா, மௌனமா?

இணைப்பு கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு நேரத்தில் கிடைக்கவில்லை என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நொடியில் 'மறுக்கப்பட்டது' என்று பதில் வந்தால், உங்கள் பொட்டலம் அங்கே போய்ச் சேர்ந்து, எதிர்க்கணினி அதைக் கண்டு திருப்பி அனுப்பியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அங்கே இயங்க வேண்டிய நிரல் இயங்கவில்லை. தீச்சுவரைத் தேடுவதற்கு முன் அந்த நிரலைப் பாருங்கள். மாறாக 20 விநாடிக்கு மேல் எந்தப் பதிலும் இல்லாமல் காத்திருந்து, பிறகு 'நேரம் கடந்தது' என்று செய்தி வந்தால், யாரோ பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான தீச்சுவர்களின் இயல்பு அந்த மௌனம்தான். வீட்டில் ஆள் இருந்து 'வேண்டாம், போ' என்று சொல்வதற்கும், எவ்வளவு தட்டியும் கதவே திறக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. தடுக்கும்போது மறுப்புச் செய்தியும் அனுப்பும்படி அமைக்கப்பட்ட தீச்சுவர்களும் இருப்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்று காட்ட இது போதும்.

ஒரு கணினி பதில் தருகிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை இச்சோதனைக்கு நம்பாதீர்கள். பிங்குக்குப் பதில் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும், நமக்கு வேண்டிய போர்ட் திறந்திருக்கிறதா என்பது தெரியாது. பதில் வராவிட்டால் அதுவும் தெரியாது, ஏனென்றால் விண்டோஸ் தீச்சுவர் வெளியிலிருந்து வரும் பிங்கைப் பொதுவாகத் தடுத்தே வைத்திருக்கும். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் (Test-NetConnection) என்னும் கட்டளையோடு எதிர்க்கணினியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் குறிப்பிட்ட வாசலையே தட்டிப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும்.

அறிகுறி: அலுவலகத்தில் யாருக்குமே இணையம் இல்லை

இது தீச்சுவர்ப் பிழையாக இருப்பது அரிது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும், கணினிகளைக் கேபிளால் ஒன்றிணைக்கும் சுவிட்ச் கருவியையும் பாருங்கள். மாலையில் இடியோடு மழை பெய்த மறுநாள் காலை இப்படி அழைப்பு வந்தால், நான் மடிக்கணினியை எடுப்பதற்கு முன் மாற்று மின் அடாப்டர் ஒன்றைப் பையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

அறிகுறி: இணையம் வேலை செய்கிறது, அலுவலகப் பொதுக்கோப்பும் அச்சுப்பொறியும் கிடைக்கவில்லை

நான் அதிகம் சந்திக்கும் பிழை இதுதான். லெபோ பசார் பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் கணக்காய்வு அலுவலகம் ஒன்று. மரப்படிக்கட்டின் கீழே, பழைய கணக்குப் பெட்டிகளுக்கு நடுவில் சுவிட்சும் ரௌட்டரும் இருந்தன. ரௌட்டர் பழசாகிவிட்டதென்று முந்தைய நாள் யாரோ புதியதை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "தம்பி, நெட்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது, ஆனா மேனேஜர் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைல மட்டும் காலைல யாராலயும் திறக்க முடியல," என்றார் அங்கிருந்த அக்கா. நான் போவதற்குள் மேலாளரின் கணினியில் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது, அதனால் கோப்புகள் திறந்தன, ஆனால் அணைத்தது சரியில்லை என்று மேலாளருக்கே தோன்றியதால் என்னை அழைத்திருந்தார்.

முதலில் தீச்சுவரை மறுபடி இயக்கினேன். பிறகு விண்டோஸ் தீச்சுவரின் உயர்நிலை அமைப்புகளில், கைவிடப்பட்ட பொட்டலங்களைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கினேன். இயல்பாக அது அணைந்திருக்கும். அடுத்த மேசைக் கணினியிலிருந்து கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தால், நாளும் நேரமும் கழிந்து ஒரு வரி இப்படி இருந்தது: டிராப், டிசிபி, 192.168.1.23, 192.168.1.10, 51544, 445, இன்னும் சில எண்கள், கடைசியில் ரிசீவ். இதை இடமிருந்து வலமாகப் படித்தால் முழுக் கதையும் கிடைத்துவிடுகிறது. டிராப் என்றால் கைவிடப்பட்டது. டிசிபி என்பது பொட்டலங்களை அனுப்பும் முறையின் பெயர். முதல் முகவரி கேட்டவருடையது, இரண்டாவது கேட்கப்பட்ட மேலாளரின் கணினியுடையது. 51544 என்பது கேட்டவர் அந்த நேரத்துக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட போர்ட், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 445 என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வின் வாசல். ரிசீவ் என்பது, உள்ளே வந்ததைத்தான் தடுத்தது, வெளியே போனதை அல்ல என்பதைச் சொல்கிறது. இத்தனையும் ஒரே வரியில்.

காரணம் இதுதான்: விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் டொமைன், தனியார், பொது என்ற மூன்று வகைகளில் ஒன்றாகக் கருதி, வகைக்கு ஒரு விதித்தொகுதியை வைத்திருக்கிறது. ரௌட்டர் மாறியதும் அதற்கு இது புதிய, அறிமுகமில்லாத இடம். விமான நிலைய வைஃபையை நடத்துவது போலவே அலுவலகத்தையும் பொது வகையில் சேர்த்துக் கோப்புப் பகிர்வை மூடிவிட்டது. அதாவது தீச்சுவர் பிழை செய்யவில்லை, தான் இருக்கும் இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. வலையமைப்பு அமைப்புகளில் அந்த இணைப்பைத் தனியார் என்று மாற்றியதோடு வேலை முடிந்தது. பொது வகையிலேயே 445ஐத் திறந்துவிடுவதும் அன்றைக்கு வேலையை நடத்தியிருக்கும். ஆனால் அந்தக் கணினி மடிக்கணினியாக இருந்து நாளை காப்பிக்கடை வைஃபையில் இணைந்தால், அங்கேயும் அதே வாசல் திறந்தே கிடக்கும்.

அதே அலுவலகத்தில் அச்சுப்பொறி மட்டும் அப்போதும் மசியவில்லை. அதற்கும் தீச்சுவருக்கும் தொடர்பில்லை. பழைய ரௌட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவந்தது, அச்சுப்பொறிக்கு அந்த வரிசையில் ஒரு நிலையான முகவரியை என்றோ யாரோ எழுதி வைத்திருந்தார்கள். புதிய ரௌட்டர் 192.168.1 வரிசைக்குப் போய்விட்டது. தெருவின் பெயர் மாறிய பிறகும் பழைய பெயரில் கடிதம் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது அந்த அச்சுப்பொறி. விருந்தினர் வைஃபையில் இணைந்துகொண்டு அச்சுப்பொறி தெரியவில்லை என்று முறையிடுபவர்களும் உண்டு. விருந்தினர் வலையமைப்பு அலுவலகக் கருவிகளைத் தொட முடியாதபடி ரௌட்டர் தடுப்பது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு, அதைச் சரிசெய்யக் கூடாது.

அறிகுறி: பின்னறையில் மட்டும் வேலை செய்யவில்லை

வைஃபை அலையின் வலிமையைப் பாருங்கள். கடைவீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பவை. நடுவில் திறந்த முற்றமும் கனத்த சுவர்களும் வரும். இங்கே குற்றவாளி தீச்சுவர் அல்ல, செங்கற்சுவர்.

அறிகுறி: புதிய விதி எழுதியும் பயனில்லை

ரௌட்டரிலோ தனித் தீச்சுவர்க் கருவியிலோ விதி எழுதியிருந்தால், அந்த விதியின் பக்கத்தில், அது எத்தனை முறை பொருந்தியது என்று காட்டும் எண்ணியைப் பாருங்கள். சோதித்த பிறகும் அது பூஜ்யத்திலேயே நின்றால், உங்கள் விதி வரை பொட்டலம் வந்து சேரவேயில்லை. மேலே இருக்கும் வேறொரு விதி அதை முன்பே பிடித்துவிட்டது. அனுமதிக்கும் சிறு விதியைத் தடுக்கும் பெரு விதிக்கு மேலே நகர்த்துங்கள். தடுக்கும் விதி எழுதியும் போக்குவரத்து நிற்கவில்லை என்றால், முன்பு சொன்ன நினைவேடுதான் காரணம்: ஏற்கனவே ஏற்பட்ட இணைப்புகள் அதில் இருப்பதால், பல கருவிகளில் அவை முடியும்வரை புதிய விதி அவற்றைத் தொடாது. அந்த இணைப்புகளை மட்டும் நீக்கினால் போதும், கருவியையே மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை.

விண்டோஸ் தீச்சுவரில் வரிசை முறை வேறு. அங்கே எந்த விதி முதலில் இருக்கிறது என்பது பொருட்டில்லை. வெளிப்படையாகத் தடுக்கும் விதி, அனுமதிக்கும் விதியைப் பொதுவாக வென்றுவிடும். இதனால் வரும் ஒரு பிழை மணிக்கணக்கில் நேரத்தை விழுங்கக்கூடியது. ஒரு நிரல் முதன்முறை வெளியிலிருந்து இணைப்புகளை ஏற்க முயலும்போது, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு சாளரத்தில் கேட்கும். அவசரத்தில் ரத்து என்று அழுத்திவிட்டால், அந்த நிரலின் பெயரில் தடுப்பு விதிகளை அது எழுதி வைத்துக்கொள்ளக்கூடும். பல மாதங்கள் கழித்து நீங்கள் போர்ட் எண்ணைச் சொல்லி எத்தனை அனுமதி விதி எழுதினாலும், அன்றைய ரத்து இன்றும் ஆட்சி செய்யும். உள்வரும் விதிகளின் பட்டியலில், சிவப்பு நிறத் தடைக் குறியோடு அந்த நிரலின் பெயர் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதை நீக்குங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் வேலை செய்கிறது, இணையத்தளங்கள் மட்டும் திறக்கவில்லை

தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைச் சந்தேகப்படுங்கள். என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் போர்ட் 53 வெளியே போகிறதா என்று தீச்சுவரில் பாருங்கள். 53ஐ யுடிபி என்னும் மற்றோர் அனுப்பும் முறைக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியில் மறந்துவிடுவது வழக்கமான தவறு. பெரும்பாலான கேள்விகள் யுடிபியிலேயே முடிந்துவிடுவதால் பல நாள் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பதில் பெரிதாகி டிசிபியில் மறுபடி கேட்க வேண்டிவரும்போது மட்டும், சில பெயர்கள் கிடைக்காமல் போகும். எல்லாம் நின்றுபோகும் பிழையைவிட, சிலது மட்டும் நிற்கும் பிழைதான் ஆளைப் படுத்தும்.

கேட்ட டிஎன்எஸ் சர்வர்தான் பதில் சொல்கிறதா என்பதும் கேள்விக்குரியதே. 53இல் போகும் கேள்விகள், பிறர் படிக்க முடியாதபடி மறையீடு செய்யப்படாதவை. வழியில் இருப்பவர் அவற்றைத் திருப்பிவிட முடியும். 2024 செப்டம்பரில், வெளிநாட்டுப் பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்ளூர் சர்வர்களுக்குத் திருப்பிவிடுமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்ததும், மக்களிடமிருந்து எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைச் செயல்படுத்த வேண்டாம் என்று அறிவித்ததும் நினைவிருக்கலாம். அந்தச் சில நாள்களில் பல அலுவலகங்கள் தங்கள் தீச்சுவரையே குடைந்துகொண்டிருந்திருக்கும்.

அறிகுறி: சிறியவை போகின்றன, பெரியவை பாதியில் உறைகின்றன

பிங் வருகிறது, தேடுபொறியின் முகப்பு திறக்கிறது, ஆனால் இணைப்புக் கோப்போடு மின்னஞ்சல் அனுப்பினால் பாதியில் நிற்கிறது, விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலகத்துக்குள் வரும் பாதுகாப்பான தனி இணைப்பு) இணைந்த பிறகு எதுவும் நகர்வதில்லை. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கணக்கு மென்பொருளில் ஒன்றிரண்டு விலைப்பட்டியல்கள் போகின்றன, மொத்தமாக அனுப்பினால் உறைந்துபோகிறது என்ற வடிவிலும் இதைப் பார்க்கிறேன். பழி பெரும்பாலும் வாரியத்தின் தளத்தின் மேல்தான் விழும்.

நடப்பது என்னவென்றால், அலுவலகத்துக்குள் ஈதர்நெட் கம்பியில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். ஆனால் இங்குள்ள ஃபைபர் இணைப்புகளில் பல, பிபிபிஓஇ என்னும் முறையில் சேவை நிறுவனத்தோடு இணைகின்றன. அந்த முறை தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்வதால் வெளியே போகக்கூடிய அளவு 1492 ஆகிறது. அளவு மீறிய பொட்டலம் வந்தால், 'இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று வழியிலுள்ள ரௌட்டர், வலையமைப்பின் நிலையைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி வகைச் செய்தி ஒன்றை அனுப்பும். அனுப்பியவர் அதைக் கேட்டுக்கொண்டு சிறிதாக்கி அனுப்புவார். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு செய்தியை நம்பியிருக்கிறது. பிங்கும் ஐசிஎம்பி வகையைச் சேர்ந்ததே என்பதால், பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ தீச்சுவரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்திருந்தால், அந்த எச்சரிக்கையும் சேர்ந்து அடைபடும். அனுப்பியவர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார், பொட்டலங்கள் மாயமாகிக்கொண்டே இருக்கும்.

இதை உறுதிசெய்யும் முறை எளிது. விண்டோஸில் பிங் கட்டளையோடு, துண்டாக்காதே என்பதற்கான எஃப் குறியையும் அளவுக்கான எல் குறியையும் சேர்த்து, 1472 என்ற அளவில் வெளியிலுள்ள முகவரி ஒன்றுக்கு அனுப்புங்கள். தலைப்புப் பகுதியின் 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். பிறகு 1464 என்ற அளவில் அனுப்புங்கள்; அது 1492. இரண்டாவது போய் முதலாவது போகாவிட்டால், இணைப்பின் எல்லை 1492 என்பது உறுதி. முதலாவதற்குப் 'பெரிதாக இருக்கிறது, துண்டாக்க வேண்டும்' என்ற செய்தி வருகிறதா, அல்லது வெறும் மௌனமா என்பதையும் கவனியுங்கள். மௌனம் என்றால் எச்சரிக்கைச் செய்தி எங்கோ கொல்லப்படுகிறது. தீர்வு, ஐசிஎம்பியில் மூன்றாம் வகையின் நான்காம் குறியீட்டை அனுமதிப்பது. அதோடு ரௌட்டரில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு டிசிபி பொட்டலத்தில் தரவுக்கான உச்ச அளவை) 1452 என்று கட்டுப்படுத்துவது, அப்போது டிசிபி இணைப்புகள் தொடக்கத்திலேயே சிறிய அளவுக்கு ஒப்புக்கொண்டுவிடும். இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபி ஆறாம் பதிப்பில் வழியிலுள்ள ரௌட்டர்கள் எந்தப் பொட்டலத்தையும் துண்டாக்குவதில்லை என்பதால், அங்கே ஐசிஎம்பியை முழுவதும் அடைப்பது இன்னும் மோசமாகக் கடிக்கும்.

அறிகுறி: மதிய உணவுக்குப் போய்வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது

தரவுத்தளத்தையோ தொலைவுக் கணினியையோ திறந்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் இருந்து, திரும்ப வந்து ஒரு விசையைத் தட்டினால் திரை உறைந்து நிற்கும். தீச்சுவரின் நினைவேட்டில் இடம் அளவோடுதான் இருக்கிறது. வெகுநேரம் பேசாத இணைப்புகளை அது அழித்துவிடும். பல கருவிகளில் டிசிபிக்கு அந்தக் கெடு 1 மணி நேரமாக இருக்கிறது. இரு முனைக் கணினிகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸும் லினக்ஸும் அமைதியான இணைப்பைத் தட்டிப் பார்க்கும் கீப்-அலைவ் செய்தியை, நிரல் கேட்டுக்கொண்டால், இயல்பாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அனுப்பும். அதற்குள் நினைவேடு அழிந்துவிடுகிறது. உள்முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் கருவிகள் டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த இணையத் தரநிலை ஆவணம் கூறுவதும் இந்தக் கணக்கினால்தான். கெடுவை எல்லா இணைப்புகளுக்கும் நீட்டாமல், அந்த ஒரு சேவைக்கு மட்டும் நீட்டுங்கள். அல்லது நிரலின் கீப்-அலைவ் இடைவெளியைச் சில நிமிடங்களாகக் குறையுங்கள். நான் பின்னதையே செய்வேன், ஏனெனில் தீச்சுவர் மாறினாலும் அது வேலை செய்யும்.

அறிகுறி: இணையத் தொலைபேசியில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது

மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அழைப்பை ஏற்படுத்தும் பேச்சு போர்ட் 5060இல் போகிறது. குரல் வேறு யுடிபி போர்ட்களில் போகிறது. ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி, உதவுவதாக நினைத்து அழைப்புச் செய்தியிலுள்ள முகவரிகளைத் திருத்தும். அந்தத் திருத்தமே பல நேரங்களில் கெடுத்துவிடும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

அறிகுறி: கடையின் சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை

ரௌட்டரில் போர்ட் திருப்பல் (வெளியிலிருந்து வருவதை உள்ளிருக்கும் கருவிக்கு அனுப்பும் விதி) எழுதியும் பயனில்லை என்றால், ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது. கைப்பேசி வலையமைப்பின் வழியே வரும் இணைப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். உங்கள் ரௌட்டரில் எத்தனை வாசல் திறந்தாலும், தெருமுனையில் இருக்கும் அவர்களது வாசல் திறக்காது. வெளியிலிருந்து தெரிகிறது, ஆனால் கடைக்குள் இருந்து அதே முகவரியில் தெரியவில்லை என்றால் நிலைமை வேறு: வெளியே போய் அதே வாசலில் திரும்பி உள்ளே வரும் பொட்டலத்தை அந்த ரௌட்டருக்குக் கையாளத் தெரியவில்லை. உள்ளே இருக்கும்போது உள்முகவரியைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் சிசிடிவி பதிவுக்கருவியின் வாசலை இணையத்துக்குத் திறந்துவிடுவதே எனக்கு உடன்பாடில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் டெல்நெட் என்னும் பழைய தொலைவுக் கட்டளை முறை (போர்ட் 23) வழியாகக் கைப்பற்றி ஒரு படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்க டிஎன்எஸ் நிறுவனமான டைன் மேல் நடந்த தாக்குதலில் அந்தப் படை பங்கெடுத்தது. கணக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க 3389ஐத் திறப்பதும் இதே வகை. ரௌட்டரில் விபிஎன் ஒன்றை அமைத்து, அதற்கான ஒரே போர்ட்டை மட்டும் திறந்து, உள்ளே வந்த பிறகு கேமராவையோ கணினியையோ பாருங்கள். கூடவே, ஐபி ஆறாம் பதிப்பு இயங்கும் இணைப்பாக இருந்தால், அதற்கான தீச்சுவர் விதிகள் தனியாக இயங்குகின்றனவா என்றும் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைத்துவிடுவதால், நான்காம் பதிப்பில் முகவரி மாற்றம் தற்செயலாகத் தந்த மறைப்பு இருக்காது.

அறிகுறி: எல்லாத் தளங்களிலும் சான்றிதழ் எச்சரிக்கை

ஒரு தளம் உண்மையானதுதான் என்று உறுதிசெய்வது அதன் சான்றிதழ். எச்சரிக்கை ஒரே கணினியில் மட்டும் என்றால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் தவறினால் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும், நேரத்தைச் சரிசெய்யும் யுடிபி 123 தடுக்கப்பட்டிருக்கலாம். எல்லாக் கணினிகளிலும் என்றால், தீச்சுவர் மறையீட்டைப் பிரித்துச் சோதிக்கும் வசதி இயங்கத் தொடங்கி, அதன் சான்றிதழ் கணினிகளில் நிறுவப்படாமல் இருக்கலாம். வங்கித் தளங்களை அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிடுவது என் வழக்கம். 'எப்படியும் தொடர்' என்று அழுத்தும் பழக்கத்தை மட்டும் யாருக்கும் ஏற்படுத்திவிடாதீர்கள்.

அறிகுறி: பதிவேடு நிரம்பி வழிகிறது

ரௌட்டரின் பதிவேட்டை முதன்முறை திறந்து பார்ப்பவர்கள், எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து 23, 445, 3389 என்று வாசல்கள் தட்டப்படுவதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். பொது முகவரி உள்ள எந்த இணைப்புக்கும் இது அன்றாட நிகழ்வு. தட்டியவை அனைத்தின் எதிரிலும் டிராப் என்று இருந்தால், காவலாளி தம் வேலையைச் செய்கிறார் என்று விட்டுவிடலாம்.

கவலைப்பட வேண்டியது எதிர்த்திசை. உங்கள் உள்முகவரி ஒன்றிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத வெளிமுகவரிகளின் 445ஐ நோக்கி நிமிடத்துக்குப் பல முயற்சிகள் போகின்றன என்றால், அந்தக் கணினியில் ஏதோ குடியேறியிருக்கிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணப்பறிப்புத் தீநிரல் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பெரும்பாலான சிறு அலுவலகத் தீச்சுவர்கள் உள்ளிருந்து வெளியே போகும் எதையும் தடுப்பதில்லை என்பதால், இது பதிவேட்டில்கூட விழாமல் நடக்கலாம். 445, 23 ஆகியவை வெளியே போவதைத் தடுத்துப் பதிவுசெய்யும் விதியை நான் எல்லா அலுவலகங்களிலும் எழுதிவிடுகிறேன். 25ஐயும் தடுக்கலாம், மின்னஞ்சல் அனுப்ப 587 அல்லது 465 போதும்.

அப்படி ஒரு கணினி அகப்பட்டால், அதன் வலையமைப்புக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். மின்சாரத்தை அணைக்க வேண்டாம், நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் அழிந்துவிடும். பதிவேட்டின் அந்தப் பகுதியை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், ஏனெனில் பழைய வரிகள் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். பிறகு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்துக்குத் தெரிவியுங்கள். கணினியைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, திருத்தங்களைப் போட்டுத் திரும்ப இணைத்த பிறகு, அதன் முகவரியை மட்டும் வடிகட்டி ஒரு வேலைநாள் முழுவதும் பதிவேட்டைப் பாருங்கள். 445ஐ நோக்கி வெளியே போகும் ஒரு வரி வந்தாலும், கேபிளை மறுபடி பிடுங்கிவிட்டு, அந்தக் கணினி அகப்பட்ட நாளில் அதே வலையமைப்பில் இயங்கிக்கொண்டிருந்த மற்றக் கணினிகளையும் ஒவ்வொன்றாக இதே முறையில் சோதியுங்கள்.